பெரியப்பா துப்பிய ஆரஞ்சு டீ

பெரியப்பாவுக்கு வரும் பார்சல் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவர் வீட்டு மணியை அடித்தால் அவருக்குக் கேட்காது, கேட்டாலும் எழுந்து வரமாட்டார். நியூஜெர்சியிலிருந்து பேத்தி யார் கையிலோ கொடுத்துவிட்டது நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தது. பாதாம், மூட்டுவலித் தைலம், அவர் ஆயுசுக்கும் போடப்போகாத ஒரு ஸ்வெட்டர், அப்புறம் ஒரு டீ டப்பா. மேலே ஆரஞ்சுப் பழமும் லவங்கப்பட்டையும் படம். உள்ளே இருபது பை.

ரிட்டயர் ஆகும்வரை குன்னூரில் தேயிலை ஃபேக்டரியிலேயே கிடந்த மனுஷனுக்கு அமெரிக்காவிலிருந்து டீ. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதேதான். ஆனால் பேத்தி அனுப்பியது. அதனால் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் உடனே வந்துவிட்டார்.

டப்பாவைத் திறந்ததும் கூடம் முழுக்கக் கிராம்பு வாசம். மேல்வீட்டு அக்கா படியிலிருந்தே, "இன்னிக்கு வியாழக்கிழமை ஆச்சே, பிரியாணியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்லியும் நம்பவில்லை. ராத்திரி ஒரு கிண்ணம் வரும் என்று காத்திருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா டீ போட்டால் ஒரே முறைதான். எந்த ஊர் டீயாக இருந்தாலும் பாலில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். வெந்நீரில் பையை முக்கி எடுப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுப்பது. ஆக, நாலு பை பாலுக்குள் போயின. சர்க்கரை போட்டார். பொங்கி வரும் நேரத்தில் பால் திரிந்து திப்பி திப்பியாக நின்றது. அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் பால்காரருக்குப் போன் போட்டுவிட்டார். "நேத்துப் பாலைக் கொண்டாந்து ஊத்தீட்டுப் போயிருக்கறீங்க" என்று ஆரம்பித்து, போன பொங்கலுக்கு அவர் தண்ணீர் கலந்ததுவரை போனது. அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இனி அரை லிட்டர் குறைத்து ஊற்றினால் போதும் என்று முடித்தார்.

நான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் தேயிலை, பட்டை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, செம்பருத்தி, மணமூட்டி. செம்பருத்திதான் வில்லன். அதுவும் நம் வேலியோரச் செம்பருத்தி இல்லை, புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி. பூ உதிர்ந்தபின் காயை மூடிக்கொண்டு நிற்கும் சிவப்புப் பாகத்தைக் காயவைத்துப் போடுகிறார்கள். அந்தப் புளிப்பு சூடான பாலில் இறங்கினால் எவ்வளவு நல்ல பாலும் திரியத்தான் செய்யும். இதை அம்மாவிடம் சொன்னேன். "தலைக்குக் காய்ச்சற எண்ணெயில போடறதைக் குடிக்கச் சொல்லுதா அந்தப் புள்ளை?" என்றார். பால்காரருக்கு மறுபடி போன் போகவில்லை. அரை லிட்டர் குறைந்தது குறைந்ததுதான்.

இதற்குள் பெரியப்பா ஃபேக்டரிக்கே போய்விட்டார். வெந்நீர் கொண்டா, வெள்ளைக் கிண்ணம் கொண்டா, மூடி கொண்டா. பையை வெந்நீரில் போட்டு மூடிவைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்துக்குள் மூடியைத் தொட்டால் அடிப்பார் போல இருந்தது. இன்னொரு பையைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பட்டையை ஒரு பக்கம் ஒதுக்கினார். தோலை ஒரு பக்கம். மிச்சம் ஒரு சிட்டிகை.

"இது டஸ்ட்டு. நம்ம ஊர் டீக்கடைக்குப் போறதுகூட இதுக்கு மேல."

அப்புறம் கரண்டியில் எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். டீ ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் உறிஞ்ச வேண்டுமாம். காற்றும் கூடவே போனால்தான் வாசம் மூக்கின் பின்பக்கமாக ஏறும். ஏலத்துக்கு வரும் தேயிலையை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ருசி பார்ப்பவர்கள் விழுங்கவே மாட்டார்கள், துப்பிவிடுவார்கள். இவரும் எழுந்து போய்த் துப்பினார். அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டியில்.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்டதுதான் பிரசங்கம். தேயிலை பக்கத்தில் என்ன இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபேக்டரிக்குள் வாசனைச் சோப்புகூட வரக்கூடாது, வெங்காயம் வரக்கூடாது, தலையில் மல்லிகைப்பூ வைத்துவந்தால் அவர் வாசலிலேயே நிறுத்துவார். வேறு வாசம் ஏறின சரக்கு என்று ஏலத்தில் பேர் வந்துவிட்டால் விலை போகாது. "நாங்க ஆயுசு பூரா எதை உள்ள விடாமக் காவல் காத்தமோ, அதையே இவன் தெரிஞ்சே உள்ள விட்டு டாலர்ல விக்கறான்!"

சீனாவில் தேயிலையோடு மல்லிகைப்பூவைக் கலந்துவைத்து வாசம் ஏற்றித்தானே விற்கிறார்கள், எர்ல் கிரே என்பதே பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைத் தோலின் எண்ணெய் வாசம்தானே என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார். வேண்டாத பேச்சு என்றால் மட்டும் அந்தக் காது நன்றாகவே அடைத்துக்கொள்ளும்.

கணக்கு வேறு போட்டார். பைக்கு இரண்டு கிராம் என்றால் டப்பாவுக்கு நாற்பது கிராம். அதில் பட்டையும் தோலும் போக உண்மையான தேயிலை எவ்வளவு தேறும்? ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அந்த இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரியில் சிறு விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு டப்பா விலையில் எத்தனை கிலோ இலை வாங்கலாம் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, "சரி, விடு" என்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் விளையாட்டாகப் பேசவில்லை.

அம்மா அதுவரை பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். "ஏனுங் மாமா, தெனமும் நான் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் குடுக்கறனே, அது மட்டும் வேற வாசம் இல்லீங்களா?"

"அது வேற, அம்மிணி."

"எப்புடிங்க வேற?"

"அது டீ."

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதலில் பட்டை, அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் நாக்கோரத்தில் லேசான புளிப்பு. பால் இல்லாமல் மோசமில்லை. துவர்ப்பு குறைச்சல், தேயிலை இருப்பதற்கு அடையாளம் நிறம்தான். இதைச் சொல்ல வாய் திறக்கும்போது பேத்தியிடமிருந்து வீடியோ கால்.

"தாத்தா, டீ குடிச்சீங்களா? எப்பிடி இருந்துச்சு?"

பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். கத்தரித்த பையும் பிரித்து வைத்த பட்டையும் தோலும் கேமராவில் தெரியாதபடி தாளை மடித்து ஸ்வெட்டருக்கு அடியில் தள்ளினார்.

"அருமை கண்ணு. இந்த மாதிரி ஒரு டீயை நான் குடிச்சதே இல்ல."

அது பொய்யும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அடுத்த தடவை ரெண்டு டப்பாவாக் குடுத்துவிடு."

கேட்டது அவர். ஆனால் பார்சல் வரும் விலாசம் எங்களுடையது.