மூடியைக் கழட்டிவிட்டுக் காட்டு

அத்தைக்குப் பதின்மூன்றாம் காம்பவுண்டில் வேலை. மும்பை தாராவியில் பிளாஸ்டிக் பிரிக்கிற கொட்டகைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. காலையில் கோணிப்பையைக் கவிழ்த்தால், சாயங்காலத்துக்குள் பெட் தனி, பிபி தனி, எச்டி தனி, கறுப்பு தனி என்று குவியல்கள் எழுந்துவிடும். எல்லாம் பிளாஸ்டிக் வகைகள்: பெட் என்றால் தண்ணீர் பாட்டில், பிபி என்றால் மூடி, வாளி, எச்டி என்றால் ஷாம்பு பாட்டில் மாதிரி. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வைத்தது ஒரு ஆன்லைன் ஹேக்கத்தான், அதாவது இரண்டு மூன்று நாளில் அணியாகச் சேர்ந்து ஒன்றைச் செய்து காட்டுகிற கணினிப் போட்டி.

ஏஐ பற்றி எதுவும் தெரியாத மாணவர்களும் சேரலாம் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பெயர் கொடுத்தேன். நான் பி.எஸ்சி. ஐ.டி. இரண்டாம் வருடம், பைத்தான் நிரல்மொழியில் லூப் வரைக்கும் வரும். என் அணியில் குர்லாவில் இருக்கும் வகுப்புத் தோழி, அப்புறம் திருநெல்வேலியில் பாலிடெக்னிக் படிக்கும் சித்தி பையன். தோழிக்குத் தமிழ் வராது, தம்பிக்கு இந்தி வராது. வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு இரவு பத்து மணி வரை நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் இரண்டு மணி நேர வகுப்பு. அதில் ஒரு விஷயம் என் பயத்தைப் போக்கியது. படத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிற ஏஐ நிரலை, மாடல் என்கிறார்கள், நாம் முதலிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை, 1000 வகைகளில், ஏற்கெனவே பார்த்துப் பழகிய மாடல்கள் இருக்கின்றன. விளிம்பு, வளைவு, நிறம், மேற்பரப்பு எல்லாம் அவற்றுக்குத் தெரியும். இது இன்ன வகை என்று முடிவு சொல்கிற கடைசி அடுக்கை மட்டும் நம் வேலைக்குப் பழக்கினால் போதும். கூகுளின் டீச்சபிள் மெஷின் இதை பிரவுசரிலேயே செய்துவிடுகிறது. ஒவ்வொரு வகைக்கும் கொஞ்சம் படங்கள் கொடுத்து, பழக்கு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். புரோகிராம் ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

சரி, எதைப் பழக்குவது? மற்ற அணிகள் பூ, பழம், முகபாவம் என்று போனார்கள். நான் அத்தையிடம் போனேன். "உங்களுக்கே எது கஷ்டம்?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "வெள்ளை எச்டியும் வெள்ளை பிபியும்" என்றார்.

காரணம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் மூழ்கும், பிவிசி மூழ்கும். ஆனால் தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், பிபி 0.90 பக்கம், எச்டி 0.95 பக்கம். இரண்டுமே மிதக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றால் எச்டி, 5 என்றால் பிபி. ஆனால் உடைந்த துண்டில் முக்கோணத்துக்கு எங்கே போவது? எச்டி 130 டிகிரியில் உருகும், பிபிக்கு 160 தாண்ட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. கலந்து உருக்கினால் வருகிற பொருளுக்கு உறுதி இருக்காது, விலையும் இறங்கும்.

அத்தை ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "ஏட்டி, நகத்த வச்சுக் கீறிப் பாரு. எச்டின்னா மெழுகு கணக்கா பதியும். பிபி கொஞ்சம் முரண்டு பிடிக்கும்." கீறினேன். மெல்லிய கோடு விழுந்தது. இன்னொரு துண்டைக் கொடுத்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது. அவருடைய கட்டைவிரல் நகம் ஓரத்தில் தேய்ந்து சாய்வாக இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சனிக்கிழமை காலை கொட்டகையில் நீலத் தார்ப்பாய் மேல் பரப்பி 150 பிபி படங்கள் எடுத்தோம். மழை வந்துவிட்டது. எச்டி துண்டுகளை ஒரு பையில் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி டியூப்லைட்டில், சிமெண்ட் தரையில் வைத்து இன்னும் 150. பழக்கினோம். கருவி தானாகவே 15 சதவீதப் படங்களைத் தனியே எடுத்து வைத்துச் சோதித்துப் பார்க்கும். அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. தம்பி அங்கே விசிலடித்தது ஹெட்போனில் காதைத் துளைத்தது.

ஞாயிறு காலை அத்தை ஒரு பிபி மூடியை எங்கள் வீட்டுத் தரையில் வைத்தார். எச்டி என்றது. பிபி வாளித் துண்டை வைத்தார். எச்டி. தரையை மட்டும் காட்டினேன். அதற்கும் எச்டி, 98 சதவீதம்.

ஹேக்கத்தான் வழிகாட்டிகள் டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் இருந்தார்கள். படங்களை அனுப்பினேன். ஒரு அண்ணன் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதினார்: அது பிளாஸ்டிக்கைப் படிக்கவில்லை, தரையைப் படித்திருக்கிறது. 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே வேண்டுமென்று செய்து காட்டினார்களாம். ஓநாய்ப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் பனி, ஹஸ்கி நாய்ப் படங்களில் பனி இல்லை. பழகிய மாடல், பின்னால் பனி தெரிந்தால் ஓநாய் என்றது. எங்கள் தார்ப்பாய்தான் அந்தப் பனி.

இதில் என்னை அதிகம் உலுக்கியது அந்த 15 சதவீதம். சோதனைக்கு என்று ஒதுக்கிய படங்களும் அதே தார்ப்பாயில், அதே டியூப்லைட்டில் எடுத்தவைதானே. கேள்வித்தாளும் விடையும் ஒரே நோட்டிலிருந்து வந்தால் நூறு மார்க் வராமல் என்ன செய்யும்? புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பழக்கிய இடத்தில் சோதிக்காதீர்கள். வேறு அறையில், வேறு வெளிச்சத்தில், வேறு ஒருவர் கையால் வைத்துப் பாருங்கள்.

மதியத்துக்குள் மறுபடி எடுத்தோம். ஒரே துண்டைத் தார்ப்பாய், தரை, உள்ளங்கை, கோணிப்பை என்று நாலு இடத்தில். தோழி குர்லாவில் தன் வீட்டு ஷாம்பு பாட்டில்களை எடுத்தாள், தம்பி திருநெல்வேலியிலிருந்து பெயிண்ட் வாளி. இந்த முறை சோதிக்க அத்தை தானே 40 துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வந்தார், நாங்கள் ஒருமுறைகூடப் படம் பிடிக்காதவை. 31 சரி. முந்தின நாள் நூற்றுக்கு நூறைவிட இந்த 31 எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

தப்பான ஒன்பதை அத்தை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அதில் ஐந்து, மூடி போட்ட ஷாம்பு பாட்டில்கள். "இதுக்கு என்ன பதில் சொல்லும் பாவம்? உடம்பு எச்டி, மூடி பிபி. நாங்க கையில எடுத்ததும் மொதல்ல மூடியத்தான் திருகுவோம்" என்றார். சொல்லிக்கொண்டே ஒன்றைத் திருகி, மூடியை ஒரு பக்கமும் பாட்டிலை இன்னொரு பக்கமும் போட்டார். மாடல் எல்லா வகைக்கும் சேர்த்து நூறு சதவீதத்தைத்தான் பங்கு போடும். எச்டிக்கு ஏறினால் பிபிக்கு இறங்கும். இரண்டும் இருக்கிறது என்று சொல்ல அதற்கு வழியே இல்லை.

அப்போது மணி ஏழு. மூன்றாவதாக ஒரு வகை சேர்த்தோம். மூடியோடு இருக்கும் பாட்டில்களின் படங்கள் மட்டும், 80. வகைக்குப் பெயர் வைக்கிற கட்டத்தில் தமிழில் தட்டினேன்: மூடியைக் கழட்டிவிட்டுக் காட்டு. ஒன்பதே முக்காலுக்கு, மூன்று நிமிட வீடியோவோடு அனுப்பிவிட்டோம். பரிசு வரவில்லை. நடுவர்கள் அந்த மூன்றாவது வகையைப் பற்றி இரண்டு வரி நல்லவிதமாக எழுதியிருந்தார்கள். அதை தம்பி அச்செடுத்து வைத்திருக்கிறான்.

மறுநாள் கொட்டகைக்குப் போய் அத்தை கையில் போனைக் கொடுத்தேன். ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்து, திருகாமல் அப்படியே கேமரா முன்னால் பிடித்தார். திரையில் எழுத்து வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போனைத் திருப்பிக் காட்டினார்.

"இத நான் சொன்னம்லா."