பக்கத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

ஆய்வேட்டு முடிவுகள் வந்துவிட்டன. தேறியவர்களுக்கு இப்போதுதான் மூச்சே வந்திருக்கிறது. “திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்” என்ற குறிப்போடு ஏடு திரும்பி வந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சல் நியாயமானதுதான். மாதக்கணக்கில் உழைத்தவர்களையும் கவிழ்த்துவிடுவது பெரும்பாலும் குறிப்பெடுக்கும் பழக்கம். வகுப்பில் அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அத்தியாயப் பிரிப்பு, விளிம்பளவு, எழுத்துரு எல்லாம் உங்கள் துறைக் கையேட்டிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோளாறு தொடங்கும் இடம் இது: திரையின் ஒரு பாதியில் பிடிஎஃப், மறுபாதியில் வேர்ட். கண் அங்கே, கை இங்கே. வரியைப் பார்த்து, சொல்லை மாற்றி, தட்டச்சு. தமிழில் இது இன்னும் சுலபமாகிவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் இணையாக இன்னொன்று தயாராக இருக்கிறது. பயிற்சிக்காக நாமே ஒரு மூலவரியை எழுதிக்கொள்வோம்:

“இரவில் நெடுநேரம் விழித்திருந்து படிக்கும் மாணவர்களின் நினைவாற்றல், போதிய தூக்கம் பெறுவோரைவிட மறுநாள் தேர்வில் குறைவாகவே செயல்படுகிறது.”

இதைப் “சொந்த நடையில்” எழுதியதாகப் பலர் நம்புவது இப்படி இருக்கும்:

“இராத்திரியில் நீண்ட நேரம் கண்விழித்துப் பயிலும் மாணாக்கரின் ஞாபகசக்தி, தேவையான உறக்கம் கொள்வோரைவிட அடுத்த நாள் பரீட்சையில் குறைந்தே இயங்குகிறது.”

அநேகமாக எல்லாச் சொல்லும் மாறியிருக்கிறது, எலும்புக்கூடு அசையவில்லை. எழுவாய், ஒப்பீடு, பயனிலை வரிசை அப்படியே. எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹாவர்ட் 1993இல் இதற்குப் ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்ட எழுத்து. மூலம் முழுதாகப் பிடிபடாதபோது மாணவர்கள் செய்வது இது, பல சமயம் கற்றலின் ஒரு படி என்பது அவர் வாதம். தேர்வாளர் அந்தப் பரிவோடு படிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் கண்ணுக்கு அது எழுத்துத் திருட்டு. வேற்றுமொழிக் கட்டுரையின் பத்தியை அப்படியே தமிழாக்கிப் பெயர் போடாமல் சேர்ப்பதும் அதேதான். திருட்டைத் தேடும் மென்பொருள் அதைத் தவறவிடலாம், துறை தெரிந்தவர் தவறவிடமாட்டார்.

பக்கத்தை மூடிவிட்டு எழுதியிருந்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

“தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கம் கெட்டால், படித்தது மறுநாள் நினைவுக்கு வருவது குறைகிறது என்கிறார் ஆசிரியர் (ப. 14). கூடுதலாகப் படித்த நேரம் இந்த இழப்பை ஈடுகட்டுமா என்ற கேள்வியை அவர் எடுக்கவில்லை.”

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். மூலத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுபவருக்கு அது தோன்றவே தோன்றாது. மூடிவிட்டு யோசிப்பவருக்குத்தான், அங்கே என்ன இல்லை என்பது தெரியும். முன்னாய்வுகளைப் பேசும் இயலில் தேர்வாளர் தேடுவது அந்த வாக்கியத்தைத்தான்.

செய்முறை:

ஒரு பகுதியைப் படியுங்கள், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிடிஎஃப்பை மூடுங்கள், சுருக்கி வைத்தால் போதாது. பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வதுபோல் நான்கைந்து வரி எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து மூன்றைச் சரிபாருங்கள்: தகவல் சரியா, தொடர்ந்து நாலைந்து சொல் ஒன்றாக வருகிறதா, வாக்கியத்தின் போக்கு அதேதானா. மூடியபின் ஒரு வரிகூட வரவில்லை என்றால் உங்களுக்கு அது புரியவில்லை. திரும்பப் படியுங்கள். அந்தப் பகுதியை ஆய்வேட்டில் சேர்க்கும் தகுதி இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொரு குறிப்பின் முன்னும் ஓர் எழுத்து:
மே – மேற்கோள், எழுத்துக்கு எழுத்து, குறிகளுக்குள்.
சு – என் சொல்லில் சுருக்கம்.
எ – என் எண்ணம், என் கேள்வி.
மே, சு இரண்டுக்கும் பக்க எண் அப்போதே. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் தேடியே இரவுகள் போகும்.

இந்த எழுத்துகள் இல்லாத குறிப்பேட்டை மூன்று மாதம் கழித்துத் திறந்தால், எது ஆசிரியருடையது, எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது. நல்லெண்ணத்தோடு வேலை செய்தவர்களும் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

தேர்வுப் படிப்புக்கும் இதே வழிதான். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தார்கள், இன்னொன்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பாடமே முந்தியது. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: திரும்பப் படித்ததில் 42 சதவீதம், நினைவிலிருந்து எழுதியதில் 56 சதவீதம் நினைவில் நின்றது. திரும்பப் படிக்கும்போது “தெரிந்துவிட்டது” என்ற நிறைவு வருகிறதே, அது அந்த ஐந்து நிமிடத்துக்கானது. ஹைலைட்டரை நம்பி இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

குறிப்புகள் சேர்ந்தபின் நேராக எழுத உட்காராதீர்கள். ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கட்டுரைகள், மேலே கேள்விகள்: என்ன கேட்டார், யாரிடம் திரட்டினார், எப்படி அளந்தார், என்ன கண்டார், எதை விட்டார். நிரப்பியபின் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பத்திகள் அங்கிருந்துதான் பிறக்கும். இடமிருந்து வலமாகப் படித்தால் “இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்” என்ற பட்டியல்தான் கிடைக்கும். அதற்கு மதிப்பெண் விழாது.

இனி தமிழ் வாக்கியம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. “என்கிறார்” கடைசியில் வருவதால், ஐந்து வரி நீளும் வாக்கியத்தில் கருத்து யாருடையது என்பது முடியும்வரை தெரியாது. அடுத்த வாக்கியத்தில் “மேலும்” என்று தொடங்கினால் அது அவர் கருத்தா, உங்கள் கருத்தா? பெயரை முதலில் வையுங்கள், வாக்கியத்தை வெட்டுங்கள், உங்கள் கருத்து தொடங்கும் இடத்தில் அது தெரியும்படி எழுதுங்கள். “கருதப்படுகிறது”, “கூறப்படுகிறது” என்று வரும் ஒவ்வோரிடத்திலும் ‘யாரால்?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் பெயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் வரியை எடுத்துவிடுங்கள். “பலரும் கூறுவர்” என்பதற்கும் இதே வைத்தியம்.

சட்டென்று சில:

– ஏபிஏ என்னும் மேற்கோள் நெறிமுறையின் ஏழாம் பதிப்பில் 40 சொல்லும் அதற்கு மேலும் உள்ள மேற்கோள் தனிப்பத்தி. அதற்கு மேற்கோள்குறி கிடையாது.
– அதே ஏபிஏவில், மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ எழுதியிருந்தால், உரைக்குள் முதல் தடவையிலிருந்தே முதல் பெயர், கூடவே “மற்றும் பிறர்”.
– தலைப்பெழுத்துள்ள தமிழ்ப் பெயரை ஜோட்டரோவில் (நூற்பட்டியல் மென்பொருள்) சேர்க்கும்போது, இயற்பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்திலும் தலைப்பெழுத்தை மற்றதிலும் போடுங்கள். மாற்றிப் போட்டால் நூற்பட்டியல் முழுவதும் தலைப்பெழுத்தால் வரிசையாகிவிடும்.
– ஏஐ செயலி கொடுத்த ரெஃபரன்ஸை, டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளம்) திறந்து தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் அது அழகாக எண் கொடுக்கும்.
– நேரில் படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டாதீர்கள். யார் வழியாக அறிந்தீர்களோ, அவர் பெயரையும் சொல்லுங்கள்.

ஏடு மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டின் சதவீதத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு: அந்த எண் காட்டுவது ஒத்துப்போகும் எழுத்தை, திருட்டை அல்ல. நூற்பட்டியலும் முறையான மேற்கோள்களும்கூட அதில் சேர்ந்துவிடலாம். 10,000 சொல் ஏட்டில் 5 சதவீதம் என்றால் 500 சொல். அது ஒரே இடத்தில் கூட்டாக இருந்தால், ஆங்காங்கே சிதறிய 15 சதவீதத்தைவிட ஆபத்து. எண்ணை விட்டுவிட்டு, வண்ணமிட்ட ஒவ்வொரு துண்டையும் திறந்து பாருங்கள். துண்டு பிடிபட்டால் சொல்லை மாற்றி மறைக்காதீர்கள். குறிப்பேட்டுக்குத் திரும்புங்கள், மூடுங்கள், முதலிலிருந்து எழுதுங்கள்.

வரைவு முடிந்தபின் ஒரு வேலை: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு வரி தேவைப்பட்டால் பத்தியைப் பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்றை எடுங்கள். எதுவும் எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி போகட்டும், எத்தனை நாள் எழுதியதாக இருந்தாலும்.

அந்த ஓர வரிகளைத் தனித்தாளில் எடுத்து வையுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் ஏட்டை முழுதாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தாளில் ஒரு வரியைப் படித்து, தாளைக் கவிழ்த்து, அந்தப் பத்தியின் வாதத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடுமாறும் பத்திகளை மட்டும் ஏட்டில் திறங்கள்.