தலைவர் நாற்காலியும் உறிஞ்சுதாளும்

தாவரவியல் துறைத் தலைவர் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து ஜான் மெர்ல் கோல்ட்டரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1891-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான தாவரவியலாளர் அவர்.

1872-இல் ராக்கி மலைப் பக்கம் போன ஹெய்டன் நில ஆய்வுக் குழுவில் அவர் சேர்ந்தது நிலவியல் உதவியாளராக. கிடைத்த நேரத்தில் செடி சேகரிக்கப் போய், குழுவின் தாவரவியலாளராகவே ஆகிவிட்டார். 1875-இல், வயது இருபத்தைந்துகூட ஆகாத நிலையில், அவர் தொடங்கிய சிற்றிதழ்தான் பின்னாளில் 'பொட்டானிக்கல் கெஸட்' என்று பெயர் பெற்றது.

களத்தில் செடி சேகரித்த கை நிர்வாகத்துக்கு எதைக் கொண்டுபோகும் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. செடியை அழுத்தி உலர்த்தும்போது உறிஞ்சுதாளை அடிக்கடி மாற்ற வேண்டும். விட்டால் இதழ் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். ஓர் இலையையாவது திருப்பி வைக்க வேண்டும், அடிப்புறத்து மயிரும் நரம்பும் தெரிய. பூவின் நிறத்தை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும், காய்ந்தபின் அது இருக்காது. கோப்புகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். களப்பயண நேரத்தைக் குறைக்கலாம் என்று ஒரு பரிந்துரை வந்தது. முந்தைய பயணத்தில் மாணவர்கள் சேகரித்த ஹெர்பேரியத் தாள்களையும், அதாவது உலர்த்திய செடிகளை ஒட்டிக் குறிப்பெழுதிய தாள்களையும், அதோடு கொண்டுவரச் சொன்னேன். மேசையில் அவற்றைப் பரப்பியதும் பேச்சின் போக்கே மாறியது. நேரம் குறையவில்லை.

கோல்ட்டர் 1893-இல் லேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத் தலைவராகப் போனார். 1896-இல் அந்தப் பதவியையும் விட்டுவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவரானார். 1925 வரை அங்கேயே இருந்தார். பல்கலைக்கழகத்தையே நடத்தியவர் ஒரு துறைக்குத் திரும்புவதை இறக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாவரவியலாளர் சார்லஸ் சேம்பர்லினோடு சேர்ந்து பூக்கும் தாவரங்களின் புறவமைப்பியல் (உருவமும் அமைப்பும் பற்றிய) நூலை 1903-இலும், பைன், சைக்கஸ் போன்ற வித்துமூடாத் தாவரங்களுக்கான நூலை 1910-இலும் எழுதியது அங்கிருந்துதான். பல்கலைக்கழகத் தலைவர் நாற்காலியிலேயே இருந்திருந்தால் இந்த வேலைக்கு நேரம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நம்புகிறேன்.

பொறுப்பேற்றபோது வகுப்புகளைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலவற்றைக் கொடுத்தேன். புதன் பிற்பகல் செய்முறை வகுப்பை மட்டும் யாருக்கும் தரவில்லை. கூட்டங்களை வேறு நாளில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வைத்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் புற்கள். இலையுறை இலைப்பரப்போடு சேரும் இடத்தில் இருக்கும் சிறு நாக்கைக் கைலென்ஸில் பார்க்க மாணவர்களைப் பழக்க வேண்டும்.