டைனமோவின் முதுகில் ஒளிந்திருந்த பிரேக் கோளாறு

கோயம்பேடு சந்தையில் விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நூறடிச் சாலை வழியாகத் தாம்பரத்துக்கு ஓட்டிச் செல்வது என் அன்றாட வேலை. வண்டி 2013-ஆம் ஆண்டு மாடல், டீசலில் ஓடும் சிறிய சரக்கு லாரி. ஒருநாள் கத்திப்பாரா மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் சென்ற வேன் திடீரென நிற்கவே பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லைப் போல இறுகி நின்றது. இருக்கையிலிருந்து பாதி எழுந்து, உடம்பின் எடை முழுவதையும் காலில் இறக்கிய பிறகுதான் வண்டி நின்றது. வேனுக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

பெடல் இறுகினால் பழுது, மிதிக்கும் காலுக்குத் துணை நிற்கும் பிரேக் பூஸ்டரில்தான் இருக்கும் என்பது ஓட்டுநர்கள் மத்தியில் வழங்கும் கணக்கு. நானும் அதை நம்பிப் புதிய பூஸ்டரை வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றியது. மூன்றாம் நாள், போக்குவரத்து நெரிசலில் அடிக்கடி மிதித்து ஓட்டும்போது, பழைய கதையே திரும்பியது. பூஸ்டருக்குக் கொட்டிய பணத்தில் உண்மையான பழுதைப் பார்த்து முடித்து, மிச்சமும் கையில் வைத்திருக்கலாம்.

பூஸ்டர் தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் டயாப்ரத்தின் ஒரு பக்கம் வெற்றிடமும் மறுபக்கம் வெளிக்காற்றும் நிற்க, அந்த அழுத்த வேறுபாடுதான் நம் காலுக்குத் துணையாக, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. பெட்ரோல் என்ஜினில் திராட்டில் தகடு காற்றுவழியை அடைப்பதால் உள்ளிழுக்கும் குழாயிலேயே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசல் என்ஜின் தடையின்றிக் காற்றை இழுப்பதால் அங்கே அந்த வசதி இல்லை. அதற்காகவே, வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் வைத்திருக்கிறார்கள். பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் இருப்பது கம்ப்ரஸரால் இயங்கும் ஏர் பிரேக், அது வேறு ஏற்பாடு. வேக்கம் பம்ப் சில என்ஜின்களில் கேம்ஷாப்டிலிருந்து ஓடும். என் வண்டியில் அது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் பின்புறத்தில், அதே தண்டில் மாட்டப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் கவனக்குறைவை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரேக் இறுகுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பேட்டரி விளக்கு அவ்வப்போது எரிந்தது. அப்போது டைனமோவைக் கழற்றிய ஆட்டோ எலக்ட்ரீஷியன், உள்ளே ஆயில் ஊறியிருப்பதாகச் சொல்லி, கார்பன் பிரஷ்களைத் துடைத்து மாட்டிக் கொடுத்தார். மின்சாரம் உற்பத்தி செய்யும் பொருளுக்குள் ஆயில் எப்படி வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மதுரவாயல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனபோது, அவர் முதலில் பூஸ்டரைத் தொடவே இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல வண்டியில் அந்த நொடியே பெடல் சற்று கீழே அமிழும். என்னுடையதில் வெகுநேரம் கழித்து அரைகுறையாக அமிழ்ந்தது. மிதிக்க மிதிக்கப் பெடல் தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கசிவையோ குழாயில் புகுந்த காற்றையோ தேட வேண்டும், பெடல் இறுகினால் வெற்றிடத்தைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் வெற்றிடத்தை அளக்கும் ஒரு கேஜை இணைத்தார். ஐடிலில் ஒரு நிமிடம் ஓடியும் முள் 15 அங்குலப் பாதரச அளவைத் தாண்டவில்லை. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில், நல்ல பம்ப் 25 அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 635 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இழுக்க வேண்டும்.

"பூஸ்டர் மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி, டைனமோவைக் கழட்டுவோம்" என்றார்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றியாக வேண்டும். டைனமோவுக்கு வரும் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருப்பதால், ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட்டைத் தளர்த்தி, ஆயில் வரும் குழாயையும் திரும்பும் ஹோஸையும் கழற்றி, டைனமோவைப் பம்போடு சேர்த்து வெளியே எடுத்தோம். பம்பைத் திறந்து பார்த்தபோது வேன்கள் எனப்படும் தகடுகளின் விளிம்புகள் தேய்ந்து, உட்சுவரில் நகத்தால் உணரும் அளவுக்குக் கீறல்கள் இருந்தன. மையம் விலகிச் சுழலும் ரோட்டரின் பிளவுகளில் இந்தத் தகடுகள் வெளித்தள்ளிச் சுவரை உரசியபடி ஓடுகின்றன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையே உள்ள ஆயில் படலமே மசகாகவும் காற்றை அடைக்கும் சீலாகவும் வேலை செய்கிறது. அந்த ஆயில் என்ஜினிலிருந்து வருவதுதான். ஆயில் மாற்றுவதை நான் "அடுத்த லோடு முடியட்டும்" என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவரில் எழுதப்பட்டிருந்தது.

ஆனால் முக்கியமான கண்டுபிடிப்பு பம்பில் இல்லை, அதிலிருந்து என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பும் ஹோஸில் இருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது; வெட்டிப் பார்த்தால் உள்சுவர் ஊதி, கறுப்புக் கசடு அடைத்து, பென்சில் நுனி நுழையும் அளவுக்கே வழி மிஞ்சியிருந்தது. வடிய வழியில்லாத ஆயில் பம்பிலேயே தேங்கி, தண்டின் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு டைனமோவுக்குள் போயிருக்கிறது. பேட்டரி விளக்கும் பிரேக்கும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். பம்பை மட்டும் மாற்றி ஹோஸை விட்டிருந்தால் புதிய சீலும் அதே வழியில் போயிருக்கும்.

பழைய உதிரிப் பாகம் என்றால் நம் ஊரில் கால்கள் தாமாகப் புதுப்பேட்டைக்கு நடக்கும். அங்கே ஒரு கடையில் பம்ப் கிடைத்தது. ஆனால் அதன் உட்சுவர் என்னுடையதைவிட எவ்வளவு மேல் என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியவில்லை. கண்ணாடி, கதவு, பம்பர் போன்றவற்றை அங்கே யோசிக்காமல் வாங்குவேன். பிரேக்குக்குத் துணை நிற்கும் பொருளை அப்படி வாங்க மனம் வரவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதை வாங்கினேன். பழைய பம்பைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. கடையில் முதலில் எடுத்துத் தந்த பம்பில் தண்டின் பல்வரிசை எண்ணிக்கை வேறாக இருந்தது. ஓ-ரிங், காப்பர் வாஷர்கள், திரும்பும் ஹோஸ், வெற்றிடத்தைப் பிடித்து வைக்கும் ஒருவழி வால்வு ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கினேன். டைனமோவைத் திறந்து சுத்தம் செய்து, பிரஷ்களையும் மாற்றினோம்.

மாட்டும்போது மெக்கானிக் செய்த ஒரு காரியத்தை நான் மட்டும் செய்திருந்தால் நிச்சயம் மறந்திருப்பேன். ஆயில் வரும் துளையில் சுத்தமான என்ஜின் ஆயிலைச் சிறிது ஊற்றி, டைனமோ புல்லியை ஓடும் திசையிலேயே கையால் சில சுற்றுகள் சுற்றினார். ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் வந்து சேரும் வரை வேன்கள் வறட்டு உரசலில் ஓடக்கூடாது, எதிர்த்திசையிலும் சுற்றக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. காப்பர் வாஷர்களைப் புதிதாகவே போட்டார். நசுங்கிய பழைய வாஷர் மீண்டும் சரியாக அடைக்காது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமிழும்படி இறுக்கினார். அளவுக்கு மீறி இறுக்கினால் டைனமோ பேரிங் போய்விடும், தளர்த்தினால் பம்பும் சார்ஜும் சேர்ந்தே குறையும்.

என்ஜின் ஓடத் தொடங்கிச் சில விநாடிகளில் முள் 25-ஐத் தாண்டி 26-க்கு அருகே நின்றது. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தேநீர் குடித்து வந்து பார்த்தபோதும் முள் பெரிதாக இறங்கவில்லை. வால்வும் ஹோஸ் இணைப்புகளும் சரி என்பதற்கு அதுவே சான்று. கழற்றிய பூஸ்டர் நல்லதுதான் என்று தெரிந்ததால், அது இப்போது வீட்டுப் பரணில் கிடக்கிறது.

இப்போதெல்லாம் ஆயிலை வண்டியின் கையேடு சொல்லும் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறேன். அப்போதே திரும்பும் ஹோஸை விரலால் நசுக்கி, விறைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். டைனமோவின் அடிப்பகுதியை வெள்ளைத் துணியால் துடைத்து ஆயில் கறை ஒட்டுகிறதா என்றும் பார்க்கிறேன். கோயம்பேட்டில் லோடு ஏற்றி முடிந்ததும், பெடலை இறுகும் வரை நாலைந்து முறை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்வது வழக்கமாகிவிட்டது. அது அமிழ்ந்தால்தான் கியர் போடுகிறேன்.