சாவி கேட்டுப் போன கதை

அப்பா போனபின் வாரிசுச் சான்று விசாரணைக்காக அம்மாவைத் தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2025 பிப்ரவரி. பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் கூப்பிட்டபோது மணி இரண்டரை. அம்மாவுக்குச் சர்க்கரை. "அங்க போனா ஒதுங்க இடம் இருக்காதுடி" என்று காலையில் காபிகூடக் குடிக்காமல்தான் வந்தார். அப்படியும் பன்னிரண்டு மணிக்கு மேல் தாங்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே 'பெண்கள்' என்று எழுதிய கதவு. அதில் பித்தளைப் பூட்டு. பக்கத்தில் ஆண்கள் கழிப்பறை திறந்தே கிடந்தது. "அது ஸ்டாஃபுக்கும்மா. பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பறை இருக்கு" என்றார் ஒருவர். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 'பெண்கள் கழிப்பறை பயன்பாட்டில் உள்ளது. மனு முடித்துவைக்கப்பட்டது.' பொய் என்று சொல்ல முடியாது. ஊழியர்களின் பயன்பாட்டில் இருந்தது.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். இதில் நான் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'ஏன் பூட்டினீர்கள்' என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும். பொதுமக்களுக்கான பெண்கள் கழிப்பறை எத்தனை? அதைப் பூட்டிவைக்கச் சொன்ன ஆணையின் நகல் தருக. கடந்த ஓராண்டில் அதைச் சுத்தம் செய்யச் செலவிட்ட தொகைக்கான ரசீது நகல்கள் தருக. மூன்றே கேள்வி. பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு இருபத்தாறாம் நாள் வந்தது.

'பொதுமக்களுக்கான பெண்கள் கழிப்பறை: 1. பூட்டிவைக்க ஆணை ஏதும் இல்லை.'

அந்தத் தாளோடு தாசில்தாரைப் பார்த்தேன். நீதிமன்ற வளாகங்களில் கழிப்பறை வசதி குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 15 அன்று கொடுத்த தீர்ப்பின் செய்தி நறுக்கையும் வைத்திருந்தேன். நீதிமன்றங்களைப் பற்றிய வழக்குதான். ஆனால் கழிப்பறை வசதி அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நறுக்கைப் பார்க்கவே இல்லை. தன் அலுவலக முத்திரை போட்ட தாளைத்தான் இரண்டு தடவை படித்தார். பிறகு மணியடித்துச் சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.

சான்று வாங்கப் போன அன்று பூட்டு இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது, வாளியும் குவளையும் இருந்தன. உள்தாழ்ப்பாள் மட்டும் உடைந்திருந்தது. அம்மா உள்ளே போக, நான் வெளியே கதவை இழுத்துப் பிடித்து நின்றேன். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். "அக்கா, எனக்கும் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று குழந்தையை என்னிடம் நீட்டினார். தாழ்ப்பாளுக்கான மனுவை அன்றே தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.