1978 மினி: முன் சப்ஃபிரேமைக் கழற்றி மாட்டிய கதை

வண்டி இடது பக்கம் தாழ்ந்து நிற்பது போன வருஷமே கண்ணில் பட்டுவிட்டது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே வலது பக்கம் நாலு விரல் போனால் இடது பக்கம் இரண்டுதான் போகும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கால்மாட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு. எங்களுடையது 1978ஆம் வருஷத்து மினி 1000 கார். பர்மிங்காமில் எங்கள் வீட்டுக்கும் அது பிறந்த லாங்பிரிட்ஜ் ஆலை இருந்த இடத்துக்கும் அதிக தூரமில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் குளிர்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டி, சப்ஃபிரேம் (எஞ்சினையும் முன் சக்கரங்களையும் தாங்கி, பாடியோடு போல்ட்டில் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம்) அரித்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

எஞ்சினோடு சேர்த்தே கீழே இறக்கினேன். மினிக்கு அதுதான் தோதான வழி. ரேடியேட்டர் ஹோஸ், வயர்கள், பிரேக் பைப், எக்ஸாஸ்ட், கியர் ராடின் ரோல் பின், ஷாக் அப்சார்பரின் மேல் முனை எல்லாவற்றையும் விடுவித்து, மேலே இரண்டு பெரிய டவர் போல்ட், முன்னால் இரண்டு மவுண்ட், பின்னால் தரையோடு சேரும் இரண்டு மவுண்ட் கழற்ற வேண்டும். அப்புறம் பாடியின் முன்பக்கத்தை கிரேனில் தூக்கிப் பிடித்தால், சப்ஃபிரேம் தன் சக்கரங்களிலேயே முன்னால் உருண்டு வந்துவிடும். முன் மவுண்ட் போல்ட் ஒன்று பாதியில் முறிந்தது. அதை டிரில் போட்டு எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

கழுவிப் பார்த்தால் ஆச்சரியம். சப்ஃபிரேம் திடமாக இருந்தது! எத்தனையோ வருஷமாக எஞ்சின் கசியவிட்ட ஆயிலும் அதன்மேல் படிந்த அழுக்கும் சேர்ந்து இரும்புக்குக் கவசம் மாதிரி ஆகியிருந்தன. மினியில் பின் சப்ஃபிரேம்தான் சீக்கிரம் அரித்துப்போகும். அதற்கு இந்த ஆயில் குளியல் கிடைப்பதில்லை.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து? கையில் அடங்குகிற சாமான்களில் இருந்துதான்.

மினியில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அலெக் இஸ்ஸிகோனிஸ் 1959இல் கொண்டுவந்த இந்த வண்டிக்கு அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்தது ரப்பர் கோன். 1964லிருந்து சில வருஷம் திரவம் நிரப்பிய ஹைட்ரோலாஸ்டிக் வைத்தார்கள், அப்புறம் மறுபடி ரப்பருக்கே வந்துவிட்டார்கள். சக்கரம் மேலே ஏறும்போது, அதைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், டிரம்பெட் என்கிற அலுமினியத் தண்டு வழியாக அந்தக் கோனை நசுக்கும். தண்டுக்கும் ஆர்முக்கும் நடுவே பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்த ஒரு குண்டு, அதுதான் நக்கிள் ஜாயிண்ட். இடது பக்கத்துக் கிண்ணத்தை நெம்பி எடுத்தேன். அடிப்பாகமே இல்லை. ரப்பர் மூடி கிழிந்து, தண்ணீர் புகுந்து, குண்டு பிளாஸ்டிக்கைத் தின்று ஆர்மின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே சில மில்லிமீட்டர் இறங்கினால் சக்கரத்தில் அது பல மடங்காகத் தெரியும். கோன்களும் தட்டையாகிப் போயிருந்ததால் நாலையும் புதிதாகவே போட்டுவிட முடிவு செய்தேன், பின்பக்கத்து இரண்டு உட்பட. கோனை விடுவிக்க அதற்கென்றே உள்ள திருகுக் கருவி கட்டாயம் வேண்டும். அதில் அடங்கியிருக்கும் விசை கையை முறித்துவிடும். வேறு எதையாவது வைத்து நெம்பிப் பார்க்கவே கூடாது.

மேல் ஆர்மின் ஷாஃப்டை உருவியபோது மனசு கஷ்டமாகிவிட்டது. ஊசி பேரிங் உட்காரும் இடத்தில், வண்டியின் பாரம் அழுத்துகிற பக்கத்தில் மட்டும், நகத்தால் கீறினால் தட்டுப்படுகிற பள்ளங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வரி. பேரிங்குக்குள் செம்மண் மாதிரி துருப்பொடி. அதே ஆர்மில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் உள்ளே செலுத்தும் முனை) இருக்கிறது, பெயிண்டால் மூடியிருந்தது! எத்தனை வருஷமாக யாருமே கிரீஸ் அடிக்கவில்லையோ. ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள்: மேல் பால் ஜாயிண்ட், கீழ் பால் ஜாயிண்ட், இந்த ஆர்ம். 3,000 மைலுக்கு ஒரு தடவை அடித்தால் போதும். மதுரையில் அப்பா அம்பாசடர் வைத்திருந்தபோது கிரீஸ் கன்னைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்த ஞாபகம் வந்தது. ஷாஃப்ட், பேரிங், வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டேன்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பால் ஜாயிண்டுக்கு (ஆர்மையும் சக்கர ஹப்பையும் இணைக்கும் குண்டு மூட்டு) ஷிம், அதாவது மெல்லிய உலோக வளையம், வைப்பது. ஹப்பில் குண்டை உட்கார வைத்து, மேலே குமிழ் நட்டைப் போட்டு, நடுவே மெல்லிய ஷிம்களைக் கூட்டிக் குறைத்து ஆட்டம் போக்க வேண்டும். ஷிம் அதிகமானால் குண்டு ஆடும், குறைந்தால் இறுகிவிடும். ஒரு இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு தடிமனுள்ள ஷிம் கூட வித்தியாசம் காட்டுகிறது. 70 பவுண்ட் அடி டைட் வைத்து, குண்டிலிருந்து நீளும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, கழற்றி ஒரு ஷிம்மை எடுத்து, மறுபடி டைட் வைத்து... முதல் ஜாயிண்டுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. பதினோராவது தடவை அந்தத் தண்டு நகர்ந்த விதம், கெட்டியான தேனுக்குள் கரண்டி நகர்வது போல இருந்தது. நாலாவது ஜாயிண்ட் அரை மணி நேரத்தில் முடிந்தது.

சப்ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் செய்யவில்லை. எங்காவது ஒரு விரிசல் விட்டால் அடியில் துரு ஊர்வது தெரியாது. ஜிங்க் பிரைமர், அதன்மேல் கறுப்பு சேசிஸ் பெயிண்ட் இரண்டு கோட், பிரஷ்ஷிலேயே அடித்தேன். மவுண்டுகளும் அலுமினியம் வேண்டாம் என்று ரப்பரிலேயே போட்டேன். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அந்த அதிர்வு தேவையில்லை. இன்னொன்று, முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் சப்ஃபிரேமுக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். சப்ஃபிரேமை இறக்கினால்தான் ரேக்கைக் கழற்ற முடியும். அதனால் ரேக்கின் ரப்பர் உறைகளையும் இப்போதே மாற்றிவிட்டேன்.

மாட்டும்போது பையன் கிரேனைப் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்து டவர் துளைகளை ஒத்துப்பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்களின் நட்டை மட்டும் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் முழுசாக டைட் வைத்தேன். தொங்கும் நிலையில் வைத்தால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது வண்டி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், கொஞ்சம் தூக்கலாகவே நிற்கிறது. புது கோன் சில வாரத்தில் அமர்ந்துவிடும். வீல் அலைன்மெண்ட் அதற்கப்புறம்தான்: முன் சக்கரங்கள் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு வெளிப்பக்கம் விரிந்து நிற்க வேண்டும். நேற்று தெருமுனை வேகத்தடையில் மூன்று தடவை ஏற்றி இறக்கினேன், சத்தம் இல்லை. ஓடோமீட்டர் 61,240. பானட்டுக்கு உள்பக்கம் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: கிரீஸ், 64,240.