நூறு வருடம் தப்பான பெயரில் வளர்ந்த கொடி

சிலி நாட்டு ஒயினைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். ஒரு ஏப்ரல் கடைசியில் வேலை விஷயமாக சாந்தியாகோ போய், கையோடு பத்து நாள் மைப்போ, கொல்ச்சாகுவா, மௌலே என்று பள்ளத்தாக்குகளைச் சுற்றிவிட்டு வந்த பிறகு தள்ளிப்போட மனசு வரவில்லை. ஏப்ரல் கடைசி அங்கே இலையுதிர்காலம். மைப்போவில் ஒரு தோட்டத்து ஓரமாக நின்று பார்த்தால் ஒரு வரிசைக் கொடி மஞ்சளடித்துக் கிடக்கிறது, பழம் எல்லாம் எப்போதோ பறித்தாகிவிட்டது. பக்கத்து வரிசை குங்குமச் சிவப்பு, குலைகள் இன்னும் தொங்குகின்றன. மஞ்சளாக இருப்பது மெர்லோ என்கிற திராட்சை ரகம், சிவப்பாக இருப்பது கார்மெனேர் என்கிற ரகம். இவ்வளவு வித்தியாசமாக இருக்கிற இரண்டையும் ஒரு நாடே நூறு வருடத்துக்கு மேல் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு முதலில் நம்பவே முடியாமல் இருந்தது.

கதை இதுதான். 1851 வாக்கில் சில்வெஸ்த்ரே ஒச்சகாவியா என்ற நிலக்கிழார் பிரான்சிலிருந்து திராட்சைக் குச்சிகளை வரவழைத்து நட்டார். பணக்காரக் குடும்பங்கள் பலவும் அவர் வழியில் போயின. போர்டோ பகுதியின் நல்ல ரகங்கள் எல்லாம் கப்பலேறி வந்தன, கலந்தும் வந்தன. அதற்குக் கொஞ்ச காலத்திலேயே, 1860களில், பிரான்சில் ஃபிலோக்செரா என்கிற பூச்சி இறங்கி வேரைத் தின்றுதின்று நாட்டின் கொடிகளைக் காலி செய்தது. அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிரெஞ்சுக்காரர்கள் மீண்டார்கள். மறுபடி நடும்போது கார்மெனேரை அநேகமாக யாரும் சீண்டவில்லை. குளிர்ந்த, மழைபெய்கிற வசந்தத்தில் அதற்குப் பூ உதிர்ந்துவிடும், பழுக்கவும் தாமதம். அப்படியே அந்த ரகம் அழிந்துபோனதாகக் கணக்கு எழுதிவிட்டார்கள்.

ஆனால் சிலிக்குள் அந்தப் பூச்சி வரவே இல்லை. வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ், மேற்கே பசிபிக், தெற்கே பனி. இன்றைக்கும் அங்கே பெரும்பாலான கொடிகள் ஒட்டில்லாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. விமான நிலையத்தில் இறங்கியதும் சாக் என்கிற வேளாண் துறை ஆட்கள் பையைச் சோதிப்பதும், சொல்லாமல் ஒரு ஆப்பிள் வைத்திருந்தால்கூட அபராதம் போடுவதும் இந்த அதிர்ஷ்டத்தைக் காப்பாற்றத்தான். வரிசையில் நின்றபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. மௌலேயில் நூறு வயதுக் கொடி ஒன்றைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

சரி, இப்போது வியாபாரத்துக்கு வருவோம். 1990களில் சிலியின் மெர்லோ அமெரிக்காவில் நன்றாகப் போக ஆரம்பித்தது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஏதோ இடித்தது. ஒரே தோட்டத்தில் சில மெர்லோ கொடிகள் மூன்று நான்கு வாரம் தாமதமாகப் பழுத்தன. "சிலி மெர்லோ" என்று அதற்கு ஒரு சமாதானப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1994 நவம்பர் 24 அன்று ழான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு திராட்சையியல் வல்லுநர் மைப்போவில் கார்மென் ஒயினகத்தின் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கொடியின் பூவை உற்றுப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டு இருந்தன. மெர்லோவுக்கு அப்படி இருக்காது. இது கார்மெனேர் என்றார். ஒயினகத்தின் பெயர் கார்மென், அதை நிறுவியவரின் மனைவி பெயர். ரகத்துக்குப் பெயர் அதன் சிவப்பால் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனாலும் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு ஒயின் கம்பெனி நடத்துகிறீர்கள். உங்கள் பாட்டிலில் ஒட்டியிருக்கிற பெயருக்குத்தான் வெளிநாட்டில் கிராக்கி. ஒருநாள் ஒருவர் வந்து, நீங்கள் விற்பதில் பெரும்பகுதி அது இல்லை, யாருமே கேள்விப்படாத, செத்துப்போனதாக நினைத்த வேறொன்று என்கிறார். மூடி மறைத்துவிடலாம். குடிக்கிறவர்களுக்கும் தெரியப்போவதில்லை. பலர் முதலில் கேட்கப் பிடிக்காமல்தான் இருந்தார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது, பிழைப்பு அது. கார்மென் ஒயினகத்தில் அப்போது இருந்த அல்வாரோ எஸ்பினோசா அந்த ஒயினைத் தனியாக பாட்டிலில் போட்டு வெளியே கொண்டுவந்தார். கார்மெனேர் என்ற பெயருக்கு இன்னும் சட்ட அங்கீகாரம் இல்லாததால் கிராந்த் விதூர் என்ற அதன் பழைய பெயரை ஒட்டினார்கள். அப்புறம் அரசும் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அது சிலியின் அடையாள ரகம், நவம்பர் 24 அதற்கென்று ஒரு நாள்.

பலரும் இதை ஒரு நல்ல விளம்பரக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெயர் சரியானதும் வேலை மாறியது. மெர்லோ என்று நினைத்து மெர்லோவின் நேரத்திலேயே பறித்ததால் கார்மெனேர் பாதிக் காயாகவே தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்து சிலி சிவப்பு ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கிறது என்று எல்லோரும் குறை சொன்னதற்கு இது ஒரு பெரிய காரணம். கொடி யார் என்று தெரிந்த பிறகுதான் அதற்கு எவ்வளவு தண்ணீர், எந்த மண், எத்தனை இலையைக் கிள்ளினால் வெயில் படும், எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று கேட்கவே ஆரம்பித்தார்கள். நான் பார்த்த தோட்டத்தில் ஏப்ரல் கடைசியிலும் குலைகள் தொங்கியதற்கு அந்தப் பொறுமைதான் காரணம். லேபிளை மாற்றியது கடைக்காரருக்குச் செய்தி, தோட்டக்காரருக்கு அது புதுத் தொழில்.

பெயரை வைத்தே பிழைத்த இன்னொரு கதை கொன்ச்சா இ தோரோ. 1883ல் ஆரம்பித்த ஒயின் நிறுவனம், 1994ல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. நிறுவனர் தோன் மெல்ச்சோர் தன் நிலவறையிலிருந்து நல்ல பாட்டில்கள் திருடு போவதைப் பார்த்து, உள்ளே சாத்தான் குடியிருக்கிறான் என்று ஊரில் கிளப்பிவிட்டாராம். திருட்டு நின்றது. பின்னாளில் அந்த வதந்தியையே பெயராக்கி, கசில்லேரோ தெல் தியாப்லோ, அதாவது சாத்தானின் நிலவறை என்று பாட்டிலில் ஒட்டினார்கள். 2010ல் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு விளம்பரதாரர் ஆகிற அளவுக்கு அந்தப் பெயர் வளர்ந்தது. பிர்க்கே என்ற ஊரில் இருக்கிற அந்த நிலவறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்துக் கதை சொல்கிறார்கள். குளிரும், ஈர மர வாசனையும், இருட்டும் சேர்ந்து எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனாலும் "விலைக்கு நல்ல சரக்கு" என்கிற முத்திரையிலிருந்து வெளியே வருவது இதையெல்லாம்விடக் கஷ்டமான வேலை. அதற்கு எதுவார்தோ சாட்விக் என்ற சிலி ஒயின் தயாரிப்பாளர் செய்தது பெரிய துணிச்சல். அவருடைய அப்பா போலோ வீரர். புவெந்தே ஆல்ட்டோவில் வீட்டோடு இருந்த போலோ மைதானத்தை 1992ல் உழுது திராட்சை நட்டார்கள். 2004 ஜனவரியில் பெர்லினில், ஐரோப்பிய நிபுணர்களை உட்காரவைத்து, பாட்டிலை மறைத்து, தன் ஒயின்களை போர்டோவின் மிகப் பெரிய பெயர்களோடு ஒரே வரிசையில் வைத்தார். முதல் பத்துக்குள் வந்தாலே போதும் என்ற நிலைமை. அந்த மைதானத்தில் விளைந்த வின்யேதோ சாட்விக் 2000 முதலிடம், அவருடைய இன்னொரு ஒயின் சென்யா 2001 இரண்டாமிடம், போர்டோவின் ஷாத்தோ லஃபீத் 2000 மூன்றாமிடம். பெயர் தெரியாதபோது என்ன ருசிக்கிறது என்று கேட்டால் பதில் எப்படி மாறுகிறது பாருங்கள்.

மற்ற புதுமைகளைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1979ல் ஸ்பெயினிலிருந்து வந்த மிகேல் தோரெஸ் குரிக்கோ பள்ளத்தாக்கில் எஃகுத் தொட்டிகளைக் கொண்டுவந்தார், அதுவரை ரவுலி என்கிற உள்ளூர் மரத்தில் செய்த பழைய தொட்டிகள்தான். 1982ல் பாப்லோ மொராந்தே என்ற ஒயின் தயாரிப்பாளர் யாரும் நம்பாத குளிர்ந்த கசாபிளாங்கா பள்ளத்தாக்கில் திராட்சை நட்டார், இன்றைக்கு வெள்ளை ஒயின் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற ஊர்களில் அது ஒன்று. மோன்தெஸ் ஒயினகத்தில் பீப்பாய்கள் தூங்குகிற அறையில் கிரிகோரியன் தேவாலயப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. கோனோ சுர் தோட்டத்தில் வண்டுகளைத் தின்ன வாத்துகளை மேயவிடுகிறார்கள், தொழிலாளர்கள் சைக்கிளில் வருகிறார்கள், அந்த சைக்கிளே லேபிளில் இருக்கிறது. இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனசு முழுக்க மௌலேயில்தான் நின்றுவிட்டது.

மௌலே, அதற்கும் தெற்கே இத்தாத்தா. இங்கே பாயீஸ் என்று ஒரு ரகம். ஸ்பானியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. ஸ்பானிய மொழியில் பாயீஸ் என்றால் நாடு. நாட்டின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற திராட்சை, நாட்டிலேயே குறைந்த விலைக்குப் போகிற திராட்சை. பெரும்பாலும் சின்னச் சின்ன விவசாயிகள், மானாவாரி, பந்தல் இல்லாமல் புதர் மாதிரி தரையோடு நிற்கிற தடித்த கட்டைகள். அதிலிருந்து பிப்பேன்யோ என்று ஒரு எளிய நாட்டு ஒயின் செய்வார்கள். சாந்தியாகோவின் பியோஹேரா மாதிரி பழைய மதுக்கடைகளில் பிப்பேன்யோவில் அன்னாசி ஐஸ்கிரீமைப் போட்டு தெர்ரெமோத்தோ, அதாவது நிலநடுக்கம் என்ற பெயரில் தருகிறார்கள். இரண்டாவது சின்னக் கோப்பைக்குப் பெயர் "பின்னதிர்வு". 2010 பிப்ரவரி 27 அன்று 8.8 அளவில் நிலம் நடுங்கி, அறுவடைக்குச் சற்று முன்னால் எஃகுத் தொட்டிகள் கால் மடங்கிச் சரிந்து, சுமார் 12.5 கோடி லிட்டர் ஒயின் மண்ணோடு போன நாடு இது. நிலநடுக்கத்தோடு அவர்களுக்கு இருக்கிற உறவு அப்படி.

இன்னொரு நிலநடுக்கம்தான் கரிஞான் ரகத்தையும் மௌலேக்குக் கொண்டுவந்தது. 1939ல் சில்லான் நகரம் இடிந்து, சுற்றுப்புற விவசாயம் நொடித்துப்போன பிறகு, பாயீஸ் ஒயினுக்கு நிறமும் புளிப்பும் சேரட்டும் என்று அதை நடச் சொன்னார்கள். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அது பெயரில்லாமல் கலவைக்குள் கரைந்துகொண்டே இருந்தது. அதை மீட்ட விதம்தான் இந்தப் பயணத்தில் நான் கேட்டதிலேயே சிறந்த வியாபார யோசனை. உந்துர்ராகா, மிகேல் தோரெஸ், தெ மார்ட்டினோ மாதிரி பெரிய பெயர்களும் மிகச் சிறிய தயாரிப்பாளர்களும், சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறவர்கள், ஒன்றாக உட்கார்ந்து விக்னோ என்று ஒரே பெயரை உருவாக்கினார்கள். கொடிக்கு முப்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும், பாசனம் கூடாது, மௌலேயில் விளைந்திருக்க வேண்டும், இரண்டு வருடம் வைத்திருந்துதான் விற்க வேண்டும். முன்பக்க லேபிளில் விக்னோ என்ற பெயர் எடுப்பாக இருக்க வேண்டும். தன் பெயரைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொண்டு ஊரின் கொடிக்கு இடம் விடுவது எந்தக் கம்பெனிக்கும் சுலபமில்லை.

பாயீஸுக்கும் இப்போது வேளை வந்திருக்கிறது. தால்கா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தோரெஸ் நிறுவனம் அதிலிருந்து எஸ்தெலாதோ என்ற நுரைக்கும் இளஞ்சிவப்பு ஒயினைச் செய்தது. சின்னத் தயாரிப்பாளர்கள் தினாஹா என்கிற பெரிய களிமண் தாழிகளைப் பழைய வீட்டுப் பின்கட்டுகளிலிருந்து தேடி எடுத்துத் திரும்பவும் நொதிக்கவைக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாந்தியாகோ உணவகத்தில் ஒரு பாட்டில் பாயீஸ் போகிற விலைக்கும், இத்தாத்தாவில் ஒரு கிலோ பழத்துக்கு விவசாயிக்குக் கிடைக்கிற விலைக்கும் நடுவில் இருக்கிற தூரம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. 2010லிருந்து நீளும் வறட்சி, கோடைதோறும் காட்டுத் தீ பயம், பக்கத்து நிலத்தில் எல்லாம் காகிதக் கூழுக்கான பைன், யூக்கலிப்டஸ் காடு. திராட்சையைப் பிடுங்கிவிட்டு மரம் நடுவது லாபம் என்று ஒரு விவசாயி கணக்குப் போட்டால் அவரைத் தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? அவருக்கு நல்ல விலை கொடுப்பதைத் தவிர வேறு எந்தப் புதுமையும் அந்தக் கொடியைக் காப்பாற்றாது என்பது என் முடிவான கருத்து.

கடைசி நாள் மௌலேயில் ஒரு வயதான அம்மாவின் தோட்டத்துக்குப் போனோம். கூட வந்த நண்பர் மொழிபெயர்த்தார். அவருடைய தாத்தா காலத்துக் கொடிகள், கால் மாதிரித் தடித்து, பட்டை உரிந்து நிற்கின்றன. இத்தனை வருடம் வருகிற லாரியில் பழத்தைக் கொட்டிவிட்டுப் பணம் வாங்குவதோடு சரியாம், அது எங்கே போனது, என்ன ஆனது என்று தெரியாதாம். மூன்று வருடமாக ஒரு இளம் தம்பதி இவருடைய பழத்தை மட்டும் தனியாக வாங்கி, தனியாகப் புளிக்கவைத்து, பாட்டிலில் போடுகிறார்கள். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். வெளிர்ச் சிவப்பு, லேசான துவர்ப்பு, காட்டுப் பழ வாசம். லேபிளில் பாயீஸ் என்று எழுதி, அதற்குக் கீழே அவருடைய நிலத்தின் பெயர் இருந்தது. குடித்து முடித்ததும் காலி பாட்டிலை அவர் குப்பையில் போடவில்லை, கழுவித் துடைத்து ஜன்னலில், லேபிள் வெளியே தெரிகிற மாதிரி, ஏற்கெனவே இருந்த இரண்டு பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.